நின்ற இடத்திலிருந்து எழுதுதல்: அனுபவக் கதையும் புனைகதையும் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் சொல்வதற்குக் கதையில்லாத வீடு இல்லை. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய முதல் தலைமுறையின் கதை, 1977ஆம் ஆண்டு வன்முறைகளின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடிசை போட்டவர்களின் கதை, 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிப் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தவர்களின் கதை, 2009இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் உயிர் தப்பியவர்களின் கதை ஆகிய யாவும் ஒரே ஒழுங்கையில், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. முற்றத்தில் இருந்து அவற்றைச் சொல்பவர்கள், கேட்பவரை எழும்பவிடாமல் சொல்கிறார்கள். ஆனால் அதே மனிதர் கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினால், "கொடிய யுத்தத்தினால் எமது மக்கள் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்தனர்" என்ற வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கிறது.

இந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், கதை எழுதும் கலையின் பாதியை விளங்கிக்கொண்டதாகும். வாயால் சொல்லும்போது அவர் தான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறார்: பதுங்குகுழியின் வாசலில், குளக்கட்டில், பேருந்தின் பின் இருக்கையில் நின்று அல்லது இருந்து தன் கண்ணுக்கு எட்டியதைச் சொல்கிறார். எழுதும்போது அந்த இடத்தை விட்டு விலகி, எல்லோருக்காகவும் பேசும் ஒரு மேடையில் ஏறிவிடுகிறார். மேடையிலிருந்து பார்த்தால் மக்கள் தெரிவார்கள். ஒரு மனிதரின் முகம் தெரியாது. ஆகையால் இங்கே விளக்கப்படும் ஒவ்வொரு படியும், எழுதுபவரை அவர் நின்ற இடத்துக்கு மீண்டும் கொண்டுவருவதற்கானது. சொந்த அனுபவத்தை எழுதினாலும் கற்பனைக் கதை எழுதினாலும் இது பொருந்தும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அனுபவக் கதை எழுதுபவர், "இது நடந்தது, இது எனக்கு நடந்தது" என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறார். புனைகதை எழுதுபவர் அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. ஆனால் தான் படைத்த மனிதர்கள் அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையைத் தர வேண்டிய கடமை அவருக்கு உண்டு. முதலாவதில் பொய் கலந்தால் வாக்கு முறிகிறது. இரண்டாவதில் நம்பகம் குலைந்தால் கதையே குலைகிறது. எழுதத் தொடங்கும் முன்னரே எந்த வாக்கைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முடிவெடுத்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

முதற்படி: ஒரு பொழுதைத் தெரிந்தெடுத்தல்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் வாழ்க்கை முழுவதையும், அல்லது ஓர் இடப்பெயர்வு முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு வாக்கியங்கள் மட்டுமே தங்கியிருப்பார்கள். அது பயணக் குறிப்பாக இருக்கலாம், கதையாக அமையாது. கதைக்கு ஒரு பொழுது போதும். ஒரு மாலை, ஒரு சாப்பாட்டு வேளை, ஒரு கடிதம் வந்த நாள், மாடு காணாமல்போன ஓர் இரவு ஆகியவற்றில் எதுவும் ஆகலாம்.

எந்தப் பொழுதைத் தெரிவது என்பதற்கு நான் பரிந்துரைக்கும் சோதனை எளியது. அந்தப் பொழுதுக்கு முன்னர் இருந்த நீங்களும், பின்னர் இருந்த நீங்களும் ஏதோ ஒரு வகையில் வேறானவர்களாக இருக்க வேண்டும். மாற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தந்தைக்கும் பயம் உண்டு என்பதை முதன்முதலில் கண்டுகொண்ட ஒரு பிள்ளையின் மாற்றம் போதுமானது. மாற்றமே இல்லாத நிகழ்ச்சி எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அது செய்தியாகவே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் பிறந்தவர் போரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பேருந்து நிற்க, கச்சான் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி இறங்கிய பெரியப்பா ஏறுமுன் பேருந்து புறப்பட்டுவிட்ட கதையும் கதைதான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்துபோன ஓர் இரவில் இரு சகோதரிகள் பல வருடங்களுக்குப் பிறகு பேசிக்கொண்ட கதையும் கதைதான். பெரிய துயரம் தன் பங்கைக் கேட்டு எப்படியும் உள்ளே வந்துவிடும். அதை வாசலில் நின்று அழைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பொருள் சேர்த்தல்

தெரிந்தெடுத்த பொழுதைப் பற்றி நினைவில் உள்ளதை ஒழுங்கு பாராமல் எழுதுங்கள். வாக்கியமாக அமைய வேண்டியதில்லை. கண்டவை, கேட்ட ஓசைகள், மணம், தொட்டபோது இருந்த உணர்வு, வாயில் இருந்த சுவை என்று ஒவ்வொன்றாக நினைவைக் கேளுங்கள். பாலைப்பழம் தின்று உதடுகள் பசைபோல ஒட்டிக்கொண்டது, தறப்பாள் கொட்டிலுக்குள் மதிய வேளையில் எழும் நெகிழி மணம், மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளின் புகை என்பன "அழகிய வன்னி மண்", "இயற்கை எழில் கொஞ்சும் கிராமம்" என்பவற்றை விட ஆயிரம் மடங்கு வேலை செய்யும். மரம் என்று எழுதாமல் முதிரை, வீரை, பாலை, கூழா என்று அந்த மரத்தின் பெயரையே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரில் உள்ள ஒரு முதியவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே இன்னொரு கதை புறப்படுவதுண்டு.

அடுத்தது காலத்தை உறுதிப்படுத்தல். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் புகைப்படங்களும் நாட்குறிப்புகளும் எஞ்சியிருப்பது அரிது. ஆகவே வேறு வழிகளை நாட வேண்டும். பிள்ளையின் கிளினிக் அட்டையில் உள்ள திகதிகள், பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டுள்ள இடம், சாதகக் குறிப்பு, நிவாரண அட்டை ஆகியன உதவும். அவையும் இல்லையெனில் பயிரும் கோவிலும் உதவும். காலபோக விதைப்பு மழைக்கு முன்னரா பின்னரா, அறுவடை முடிந்திருந்ததா, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் திறந்திருந்தார்களா, வைகாசிப் பொங்கல் முடிந்து எத்தனை நாள் என்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்டால், "மாதம் நினைவில்லை" என்று சொன்னவர்களும் இரண்டு கிழமை வித்தியாசத்துக்குள் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் பிரித்தல்

சேர்த்த குறிப்புகளை இப்போது மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் கண்ணால் கண்டவை ஒருபுறம். பிறர் சொல்லிக் கேட்டவை ஒருபுறம். நடந்திருக்க வேண்டும் என்று நீங்கள் பின்னாளில் ஊகித்தவை ஒருபுறம். இந்த வேலையைச் செய்யும்போது பலர் அதிர்ச்சியடைகிறார்கள். தாங்கள் கண்டதாகவே இதுவரை நம்பியிருந்த பல காட்சிகள், உண்மையில் அம்மம்மாவோ அண்ணாவோ சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தவை என்பது தெரியவருகிறது.

கேட்டதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதைக் கேட்டதாகவே எழுதினால் போதும். "அப்பா அன்று இரவு திரும்பி வந்தார்" என்பதும், "அப்பா அன்று இரவு திரும்பி வந்தாராம்" என்பதும் இரண்டு வேறு நிலைகளில் நின்று சொல்லப்படுபவை. பின்னதில், எழுதுபவர் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளை என்பதும், யாரோ பின்னர் சொன்னார்கள் என்பதும் வினையின் முடிவிலேயே அடங்கிவிடுகின்றன. "அக்கா சொல்லித்தான் தெரியும்" என்று வெளிப்படையாக எழுதுவதும் அதே அளவுக்கு நல்லது. ஊகத்தையும் அவ்வாறே எழுதலாம்: "அவர் அப்போது எங்களை நினைத்திருக்கக்கூடும்." தனக்குத் தெரிந்ததன் எல்லையை மறைக்காத எழுத்தை வாசகர் நம்புவார்.

நான்காம் படி: முதல் வரைவு

ஒருவர் 2010இல் முகாமிலிருந்து தன் ஊருக்குத் திரும்பியதை எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நின்று எழுதினால் அது இப்படி இருக்கும்:

"நீண்ட நாட்களின் பின் நாங்கள் சொந்த ஊருக்குத் திரும்பினோம். எல்லாமே அழிந்து போயிருந்தன. அதைக் கண்டு எங்கள் நெஞ்சம் வெடித்தது."

நின்ற இடத்திலிருந்து எழுதினால்:

"பேருந்து எங்களை ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டது. அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பற்றைகளை விலக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போய், கிணற்றுக்கட்டில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தா. 'தண்ணி கிடக்கு' என்று சொன்னா. நான் கிட்டப் போனபோது கையைக் குறுக்கே நீட்டி, 'நீ பாக்காதை' என்றா."

இரண்டாவதில் அழிவு என்ற சொல் இல்லை. நெஞ்சம் வெடிக்கவும் இல்லை. ஆயினும் தாய் ஏன் வீட்டைப் பார்க்கவில்லை, கிணற்றுக்குள் என்ன கண்டார் என்ற கேள்விகள் வாசகரைப் பிடித்துக்கொள்கின்றன. உணர்ச்சியின் பெயரை எழுதாமல், அந்த உணர்ச்சியில் இருந்த மனிதர் கையை எங்கே வைத்தார், எந்தப் பக்கம் திரும்பினார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதை எழுதும்போது, வாசகர் தானாகவே அந்த உணர்ச்சிக்கு வந்து சேர்கிறார்.

இவ்வாறு கண்முன் நடப்பதுபோல எழுதுவதைக் காட்சி என்றும், நீண்ட காலத்தைச் சில வாக்கியங்களில் கடப்பதைச் சுருக்கம் என்றும் கொள்வோம். கதைக்கு இரண்டும் வேண்டும். முகாமில் கழிந்த மாதங்களை ஒரே பந்தியில் சுருக்கிவிட்டு, கிணற்றடியில் நின்ற ஐந்து நிமிடங்களை இரண்டு பக்கங்களுக்கு எழுதலாம். எதைச் சுருக்குவது, எதை விரிப்பது என்ற தீர்மானமே எழுத்தாளரின் தீர்ப்பு. முதற்படியில் சொன்ன மாற்றம் எங்கே நிகழ்கிறதோ, அங்கே விரியுங்கள். அதற்கு இட்டுச்செல்வதைச் சுருக்குங்கள்.

முதல் வரைவை ஒரே இருப்பில், அல்லது அடுத்தடுத்த நாட்களில், திருத்தாமல் எழுதி முடியுங்கள். எழுத்துப் பிழையையும் அழகையும் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: மனிதர்களைப் பேசவிடுதல்

வன்னியில் எழுதுபவருக்குக் கிடைத்திருக்கும் பெருஞ்செல்வம் இங்குள்ள பேச்சு. ஒரே கிராமத்தில் வன்னியின் பழங்குடிகள், தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று பல வழிகளில் வந்தோர் வாழ்கிறார்கள். அவர்களின் பேச்சு ஒன்றல்ல. ஒரு வீட்டில், "உதில இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்பார்கள். பக்கத்து வீட்டில், "இப்படி ஒக்காருங்க, தேத்தண்ணி போட்டுட்டு வாரேன்" என்பார்கள். இரண்டு வீட்டுப் பெண்களையும் கதையில் ஒரே மாதிரிப் பேசவைத்தால் அவர்களின் வரலாற்றையே அழித்துவிட்டீர்கள் என்று பொருள். மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை, பாடசாலையில் "எண்டு" என்றும் வீட்டில் "னு" என்றும் பேசக்கூடும். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கவனமாகக் காட்டினாலே ஒரு சிறுகதைக்குப் போதுமான பொருள் கிடைக்கும்.

பேச்சை எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்க, விவரிப்பு எழுத்துத்தமிழில் இருப்பது நம் சிறுகதைகளில் நன்கு பழகிய வழி. தொடங்குவோருக்கு அதுவே பாதுகாப்பானது. விவரிப்பையும் பேச்சுத்தமிழில் எழுத விரும்பினால் எழுதலாம், ஆனால் கடைசி வரி வரை அதையே பேண வேண்டும். இரண்டாவது, மரியாதை வடிவம். மேலே தந்த எடுத்துக்காட்டில் விவரிப்பு எழுத்துத்தமிழாக இருந்தும், தாயைப் பற்றிய வினைகள் மட்டும் "பார்த்தா", "சொன்னா" என்று வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "பார்த்தார்" என்று எழுதினால் சொல்பவர் வளர்ந்தவராகவும் சற்று விலகி நிற்பவராகவும் தோன்றுவார். "பார்த்தா" என்றால் பிள்ளையின் குரல் அப்படியே ஒலிக்கும். "பார்த்தாள்" என்று எழுதினால் தாயை வெளியாள் ஒருவர் விவரிப்பதாகிவிடும். இந்த ஓர் எழுத்து மாற்றத்தில் கதையைச் சொல்பவரின் வயதும் உறவும் தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே முதலில் முடிவெடுத்து, பிறகு மாறாமல் எழுதுங்கள்.

மூன்றாவது, மனிதர்கள் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதில்லை. "எங்கள் மூத்த மகன் 2008இல் காணாமல்போனான் அல்லவா" என்று கணவன் மனைவியிடம் சொல்வது வாசகருக்காகச் சொல்லப்படும் பேச்சு. வீட்டில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் சோறு பரிமாறும்போது ஒரு கோப்பையைக் கூடுதலாக எடுத்துவைப்பார்கள், பிறகு அதைத் திருப்பி வைப்பார்கள். தகவலை விவரிப்பில் கொடுங்கள். பேச்சில் உறவைக் கொடுங்கள்.

ஆறாம் படி: காலத்தைத் தீர்மானித்தல்

கதை இறந்தகாலத்தில் சொல்லப்படுவது வழமை. நிகழ்காலத்தில் சொன்னால் காட்சி நெருங்கிவரும், ஆனால் நீண்ட கதையில் மூச்சு முட்டும். இவை எல்லா ஊருக்கும் பொதுவானவை. வன்னிக்கென்று உள்ள ஒரு பொறுப்பையே இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 மாசி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரிடம் பேசியவர்களுக்கு ஒன்று தெரியும்: அவர்கள் தம் பிள்ளையைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுகிறார்கள். "அவனுக்கு இப்ப முப்பத்தாறு வயது", "அவனுக்கு இறால் எண்டால் விருப்பம்" என்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதும்போது, இலக்கண ஒழுங்குக்காக "அவனுக்கு இறால் விருப்பமாக இருந்தது" என்று மாற்றினால், அந்தக் குடும்பம் ஏற்காத ஒரு தீர்ப்பை வினைச்சொல்லின் மூலம் வழங்கிவிடுகிறீர்கள். அப்படிப்பட்ட மனிதர் கதையில் வந்தால், எந்தக் காலத்தில் எழுதுவது என்பதை அந்த வீட்டாரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். புனைகதையாக இருந்தால், அந்தத் தாய் எந்தக் காலத்தில் பேசுவாள், தகப்பன் எந்தக் காலத்தில் பேசுவான், இருவரும் வேறுபட்டால் சாப்பாட்டு வேளையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிகழ்ச்சிகளின் ஒழுங்கைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நேர்வரிசையிலேயே எழுதுங்கள். பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தால் ஒரு பொருளைப் பிடித்துச் செல்லுங்கள்: கையில் எடுத்த சாவி, பெட்டிக்குள் கிடந்த சீருடை. பொருள் கையில் இருக்கும் வரை வாசகர் வழி தவறமாட்டார்.

ஏழாம் படி: அனுபவத்திலிருந்து புனைவுக்குச் செல்லுதல்

அனுபவத்தை எழுதிப் பழகியவர் புனைவுக்குச் செல்ல மிக எளிய வழி, நிற்கும் இடத்தை மாற்றுவது. கிணற்றடிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கக் கூலிக்கு வந்த மனிதரின் இடத்தில் நின்று அதை எழுதுங்கள். கிணற்றுக்குள் இறங்கியவர் அவர். உள்ளே இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தத் தாய் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. கூலியை எண்ணிக் கொடுக்கும்போது இருவரும் எங்கே பார்த்தார்கள்? இந்தக் கேள்விக்கு உங்கள் நினைவில் பதில் இல்லை. நினைவில் பதில் இல்லாத இடத்தில் நின்று, பொய்யாகத் தோன்றாத ஒரு பதிலைக் கண்டுபிடிப்பதே புனைவு.

புனைகதையை நகர்த்துவது ஒரு மனிதரின் விருப்பமும் அதற்கு வரும் தடையும். தடையாக ஒரு கெட்டவனைக் கொண்டுவருவது இலகு, ஆனால் அது பெரும்பாலும் கதையை மெலிவிக்கும். இப்படி எண்ணிப் பாருங்கள்: மழைக்கு முன்னர் தன் வயலை உழுது விதைத்துவிட வேண்டும் என்று ஒரு முதியவர் விரும்புகிறார். வயலோரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கிறது. அவருடைய மகள் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கிறாள். வன்னியில் பல பெண்கள் அந்த வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். ஆனால் அவளுடைய குழு இப்போது வேறோர் ஊரில் வேலை செய்கிறது. தங்கள் வயலின் முறை எப்போது வரும் என்று அவளால் சொல்ல முடியாது. தகப்பன் பிழையானவர் அல்லர். மகளும் பிழையானவள் அல்லள். இருவருக்கும் மண்ணைத் தெரியும், ஆனால் வேறு வேறு விதத்தில் தெரியும். ஒரு விடியற்காலையில் மண்வெட்டி சார்த்திவைத்த இடத்தில் இல்லை என்பதை மகள் காண்கிறாள். இங்கிருந்து நீங்கள் எழுதலாம்.

புனைவில் எதையும் மாற்றலாம் என்று எண்ணிவிட வேண்டாம். மனிதர்களைக் கற்பனை செய்யலாம். காலத்தின் உண்மைகளைக் கற்பனை செய்ய முடியாது. 2000ஆம் ஆண்டில் நடக்கும் கதையில் கிளிநொச்சி நிலையத்தில் யாழ்தேவி கூவினால் ஊரறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்ற தொடருந்துச் சேவை 2013இல்தான் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. ஆழிப்பேரலை வந்த 2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், நத்தாருக்கு மறுநாள். அன்று காலை முல்லைத்தீவுக் கடற்கரையில் பிள்ளைகளைப் பாடசாலைச் சீருடையுடன் நடக்கவிட முடியாது. ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டு 2006 ஆவணியில் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நடக்கும் கதைக்கும் அதற்குப் பின் நடக்கும் கதைக்கும் கடைகளில் கிடைக்கும் பொருட்கள்கூட வேறு. நாட்டின் நேரம் 1996இல் மாற்றப்பட்டு 2006 வரை அவ்வாறு இருந்தபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. அந்த வருடங்களில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கைக்கடிகாரமும் வன்னி வீட்டுச் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போகாமல் இருந்த உண்மையை, இன்று எழுதும் இளையவர்கள் கேட்டறிந்தால் அதிலேயே ஒரு கதை இருக்கக் காண்பார்கள்.

எட்டாம் படி: தொடக்கமும் முடிவும்

தொடக்கத்தை எழுதி முடித்த பின்னர், அதை வெட்டிவிட்டு இரண்டாவது பந்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான முதல் வரைவுகளில் கதை அங்கேதான் தொடங்குகிறது. பழமொழி, காலை வேளையின் வருணனை, "மனித வாழ்க்கை விசித்திரமானது" போன்ற பொதுக்கூற்று ஆகியன பாடசாலைக் கட்டுரைப் பழக்கத்தின் எச்சங்கள். அங்கே அவற்றுக்குப் புள்ளி உண்டு, கதையில் இல்லை.

அதே பழக்கம்தான் கதையின் இறுதியிலும் "ஆகவே" என்று தொடங்கும் ஒரு பந்தியை எழுதத் தூண்டுகிறது. கதை கேட்ட கேள்விக்கு ஒரு செயலின் மூலம் பதில் கிடைத்தவுடன் நிறுத்துங்கள். முதியவரின் கதையில், மகள் வயலுக்கு ஓடிப்போய்த் தகப்பனைக் கண்டபோது, மண்வெட்டியைப் பறித்தாளா அல்லது அவர் காலடியில் இருந்து திரும்பிவரும் வழியை அங்குலம் அங்குலமாகத் தானே சோதித்துக் காட்டினாளா என்பதே முடிவு. அதன் பொருளை விளக்குவது உங்கள் வேலை அன்று.

ஒன்பதாம் படி: திருத்துதலும் காட்டுதலும்

வரைவை இரண்டு கிழமையாவது மூடிவைத்துவிட்டு, பிறகு வாய்விட்டு வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்தில் கோடு இடுங்கள். நீங்கள் ஒருபோதும் வாயால் சொல்லாத சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "சொல்லொணா", "ஆறாத வடு", "இரத்தக் கண்ணீர்" போன்றவை பல பேரின் கை பட்டுத் தேய்ந்தவை. அவை இருக்கும் இடத்தில் உங்கள் கண் கண்ட ஒன்றை வையுங்கள். அதற்கடுத்த வாசிப்பில் ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்த வாக்கியத்தைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார்? பதில் கிடைக்காத வாக்கியங்களை நீக்குங்கள்.

அனுபவக் கதையாயின், அதில் வரும் மனிதர்களுக்கு அச்சில் வருமுன் வாசித்துக் காட்டுவதை நான் கட்டாயமாகவே கருதுகிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊரில் உழவு இயந்திரம் திருத்தும் ஒரேயொருவரைப் பற்றி எழுதினால் எந்தப் பெயர் வைத்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அடையாளம் காட்டுபவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினால் மாற்றியதாக ஒரு வரி எழுத வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு நேர்ந்தவற்றையும், தடுப்பிலிருந்து வந்தவர்கள் சொன்னவற்றையும் அவர்கள் தெளிவாகச் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். நம்பிச் சொன்னவர் பின்னர் மனம் மாறினால், கதை எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

வாசித்துக் காட்டும்போது, "அப்படி நடக்கேல்லை" என்று அக்கா சொல்லக்கூடும். வாதிட வேண்டாம். அவர் எங்கே நின்றார், அங்கிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திகதியோ இடமோ பிழையாக இருந்தால் திருத்துங்கள். இருவரின் நினைவும் உண்மையிலேயே வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்: "அம்மா அழவில்லை என்பதே என் நினைவு, கிணற்றுக்குப் பின்னால் போய் நின்று அழுதவா என்கிறா அக்கா." பிறகு அக்காவின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, அவர் நின்ற இடத்திலிருந்து அதே காலையை எழுதச் சொல்லுங்கள்.